மீன் செத்தால் கண்டம் யாருடையது?

வாங்கி வந்த இரண்டாம் வாரமே தொட்டி மீன் செத்து மிதந்தால், வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று இருக்கிறது: "நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." இதமான பேச்சுதான். அழுகிற பிள்ளையைத் தேற்றவும் உதவும். ஆனால் இந்தப் பேச்சில் ஒருவர் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறார்: மீனை வாங்கியவர்.

மீனின் கழிவில் அம்மோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் பெருகி நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து மீனை விட்டால் அவை தங்கள் கழிவிலேயே திணறிச் சாகும். கிரகத்துக்கும் திருஷ்டிக்கும் இதில் வேலையில்லை. கர்மவினையை நம்புகிறவர்கூட, வினை ஒருவருடையது, பலன் இன்னொருவருக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். செய்தவனைத்தான் வினை தொடரும் என்பது அந்தக் கொள்கையின் அடிப்படை. நம் கண்டத்தை மீன் தலையில் கட்டுவது அதற்கே முரண்.

மீன் செத்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி சிக்லிட் மீன்களிடம் வரும்போது கூர்மையாகிறது. ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ், சந்தையில் கிலோக்கணக்கில் விற்கும் ஜிலேபி எல்லாமே சிக்லிட் குடும்பம்தான். 'வாஸ்து மீன்' என்று பல வீடுகளுக்குள் வந்த ஃபிளவர்ஹார்னும் அப்படியே. அது எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. 1990-களில் மலேசியாவில் பல சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கினார்கள். நெற்றிப் புடைப்பு பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம். உடலிலுள்ள கரும்புள்ளிகளில் லாட்டரி எண்ணைத் தேடியவர்களும் உண்டு. அதற்கு முன்பே தைவானில் உருவான பேரட் மீன் இன்னும் பரிதாபம். பலவற்றுக்கு வாய் சரியாக மூடாது. மற்ற மீன்களோடு போட்டியிட்டு இரையைக் கவ்வ முடியாது. நமக்கு வேடிக்கையாகத் தெரியும் அந்தச் 'சிரிப்பு' அதன் ஊனம்.

"மீனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கலாம். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. ஆறாவது அறிவு மனம். மக்களை அந்த வரிசையில் வைத்த கையோடு, அந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது அந்த நூற்பா. 2007-ல் அந்தக் கதவருகே ஒரு மீன் வந்து நின்றது. ஆப்பிரிக்காவின் டாங்கன்யீக்கா ஏரிப் பகுதியைச் சேர்ந்த பர்ட்டனி என்ற சிக்லிட்டின் ஆண் மீன்களுக்கு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சண்டைகளைக் காட்டினார்கள். முதலாமவன் இரண்டாமவனை வெல்கிறான், இரண்டாமவன் மூன்றாமவனை, இப்படியே ஐந்தாமவன் வரை. இரண்டாமவனும் நான்காமவனும் மோதியதைப் பார்வையாளர் மீன் கண்டதே இல்லை. இருந்தும் அவ்விருவரையும் அருகருகே வைத்தபோது அது எளியவனான நான்காமவன் பக்கமே ஒதுங்கியது. கண்ணால் காணாததைக் கண்டதிலிருந்து ஊகிப்பதை நம் தருக்க நூல்கள் அனுமானம் என்கின்றன.

பிரான்சின் டிஷோன் நகர ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டது மனசைப் பற்றியது. கான்விக்ட் சிக்லிட்டின் பெண் மீன்களுக்கு, ஒரு நிற மூடியுள்ள டப்பாவில் இரை உண்டு, இன்னொரு நிறத்தில் இல்லை என்று பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவான சாம்பல் நிற மூடி. தான் விரும்பிய துணையைப் பிரித்து வேறொரு ஆணோடு சேர்த்தபின், பெண் மீன் சாம்பல் மூடியைத் திறக்க முன்பைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. நம்பிக்கை வற்றியிருந்தது என்றே ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள்.

மனம் என்று ஒன்று இவ்வளவாவது இருக்குமானால், தொட்டி வைப்பவரின் அறம் தீனி போடுவதில் தொடங்கவில்லை. கடையில் கைகாட்டும்போதே தொடங்கிவிடுகிறது. சென்னை கொளத்தூர் கடைகளில் இரண்டு அங்குல ஆஸ்கார் குஞ்சு கண்ணைப் பறிக்கும். ஒரு வருஷத்துக்குள் அது முக்கால் அடியைத் தொடும். நன்றாக வளர்ந்தால் ஒரு அடி, ஆயுள் பத்து வருஷத்துக்கு மேல். நடுத்தர வீட்டின் வழக்கமான தொட்டி மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 127 லிட்டர். மணலும் கல்லும் போக இன்னும் குறையும். ஒரு அடி மீன் ஒரு அடி அகலத்தில் எப்படித் திரும்பும்? எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் அது சிறைதான்.

இடத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும் என்பதும் தவறான கணக்கு. மைடாஸ் சிக்லிட்டை வைத்து அமெரிக்க ஆய்வாளர் ரொனால்டு ஓல்ட்ஃபீல்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு தொட்டியைச் சற்றே பெரிதாக்குவதால் சண்டை குறையவில்லை. மிகப் பெரிய இடமும் ஒளிந்துகொள்ளும் மறைவுகளும் சேர்ந்தபோதுதான் குறைந்தது.

சண்டையைப் பற்றி இதைவிடச் சங்கடமான செய்தி ஒன்றை விலங்கு நடத்தை ஆய்வாளர் கோன்ராட் லோரன்ஸ் 1963-ல் எழுதினார். அக்கம்பக்கத்தில் தன் இனத்து எதிரி யாருமே இல்லாவிட்டால், ஆண் சிக்லிட் தன் துணையையே தாக்கிக் கொல்லும். அவர் பார்த்த மீன்களில் ஒன்று நம் ஊர்க்காரன்: தென்னிந்தியா, இலங்கைக் காயல்களிலும் கழிமுகங்களிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடு. தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து இருபுறமும் ஒவ்வொரு இணையை விட்டால், அடுத்த வீட்டுக்காரனிடம் கோபத்தைக் காட்டிவிட்டுத் தம்பதிகள் சுமுகமாக இருக்குமாம். கண்ணாடியில் பாசி படர்ந்து எதிரி மறைந்தால் குடும்பத்துக்குள் தகராறு. துடைத்தால் மறுபடி சமாதானம்! மலாவி ஏரி மீன் வளர்ப்போர் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: வேண்டுமென்றே கூட்டமாக விட்டு, எவனும் எந்த மூலையையும் தனதாக்க முடியாதபடி செய்கிறார்கள். அடி பரவலாகப் பிரிந்துபோவதால் சாவு குறைகிறது. இதை அமைதி என்பதா, எல்லாரும் களைத்துப்போன நிலை என்பதா?

அப்படியானால் எந்த உயிரையும் கண்ணாடிக்குள் அடைக்காமல் இருப்பதே நேர்மை என்று ஒரு சமணர் சொன்னால், அதற்கு முழுமையான பதில் கிடையாது. ஓரளவு பதில் உண்டு. இயற்கையிலேயே சின்ன இடத்தில் குடித்தனம் நடத்தும் மீனுக்கு இழப்பு குறைவு. டாங்கன்யீக்காவின் மல்ட்டிஃபேசியேட்டஸ் இரண்டு அங்குலம்கூட வளராது. காலி நத்தைக் கூடுகளில் கூட்டமாக வாழும். மணலும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளும் போட்டால், மூன்றடித் தொட்டியில் அதன் முழு வாழ்க்கையும் நடக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ் ஒரு ஜோடியும் பொருந்தும். அதற்கு ஒரு கவிழ்த்த மண்சட்டி போதும். ஆரஞ்சு குரோமைடு மூன்று அங்குலமே. ஆறேழு குஞ்சுகளாக வாங்கி ஒன்றாக வளர்த்தால் கோபம் ஒருவர்மேல் குவியாது. அதன் குஞ்சுகள் தாய் தந்தையின் உடல்மேலுள்ள வழுவழுப்பைக் கடித்துத் தின்று வளர்வதையும் பார்க்கலாம்.

தண்ணீரும் பேச வேண்டிய விஷயம். உப்புக் கடினமான போர் தண்ணீர் உள்ள வீட்டில் தென் அமெரிக்காவின் டிஸ்கஸையும் ராம் சிக்லிட்டையும் வைத்து மல்லுக்கட்டுவதைவிட, கடின நீரில் பிறந்த டாங்கன்யீக்கா மீனை வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பெரிதாகிவிட்ட ஆஸ்காரையோ ஃபிளவர்ஹார்னையோ ஏரியில் விடுவதைச் சிலர் புண்ணியமாக நினைக்கிறார்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும் சிக்லிட்தான்; இன்று உள்ளூர் மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு குளம் குளமாக நிற்கிறது. எனவே ஏரிக்கு வேண்டாம். வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை விலை பேசும் முன், "இது முழுசா வளர்ந்தா எவ்வளவு நீளம் வரும்?" என்று கடைக்காரரிடம் கேட்டு, டேப்பால் உங்கள் தொட்டியின் அகலத்தையும் அளந்து பாருங்கள்.