கெடுத்துப் பழகும் உரிமை

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். நாகல்நகர்ப் பட்டறைகளின் அரவோசை கேட்டு வளர்ந்த ஊர். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊன்றுகோலுடன் ஓர் இளைஞன் பட்டறை வாயிலில் வந்து நின்று, "தொழில் பழக வந்திருக்கிறேன்" என்றால், முதலாளியின் மனத்திலே ஒரு பூட்டு விழுகிறதே, அதற்கு எந்தக் குறியீடு கொடுப்பது?

கொடியவரா அவர்? இல்லை. "பாவம் தம்பி, உன்னால் எப்படி முடியும்?" என்று உருகுகிறார். கையிலே பத்து ரூபாயும் திணிக்கிறார். அந்த உருக்கந்தான் இளைஞனைத் தெருவிலே நிறுத்துகிறது. பக்கத்திலிருப்பவரோ, "முன்வினைப் பயன்" என்று பெருமூச்சு விடுகிறார். வாயிற்படியை உயர்த்திக் கட்டியவன் கொத்தன். பழி மட்டும் முன்பிறவிக்கு!

தோழர்களே, தொழில் பழக வருபவன் யார்? தொழில் தெரியாதவன். இரு காலும் உள்ள பையன் முதல்நாள் பித்தளைத் தகட்டைப் பாழாக்குகிறான். மறுநாள் அவன் அராவிய சாவி திரும்ப மறுக்கிறது. "போகப் போகக் கை படியும்" என்கிறார் மேஸ்திரி. கெடுத்துத்தான் பழகவேண்டும் என்பது பட்டறை வழக்கம். ஊன்றுகோல்காரனிடம் மட்டும், பழகுமுன்பே திறமைக்குச் சான்று கேட்கிறார்கள். அவன் ஒரு தகட்டைக் கெடுத்துவிட்டாலோ, குற்றம் காலின்மீது ஏறுகிறது. அரம் பிடிப்பது காலா?

ஆளை விட்டுவிட்டு வேலையை விசாரித்த முதலாளி ஒருவர் அமெரிக்காவிலே இருந்தார்: ஹென்றி ஃபோர்டு. தம் தொழிற்சாலையில் 7,882 வகை வேலைகள் என்று கணக்கெடுத்து, 1922-ல் வெளிவந்த நூலிலே எழுதினார். அவற்றுள் 2,637 வேலைகளை ஒரு கால் உள்ளவர் செய்யலாம், இரு காலும் இல்லாதவர் 670, ஒரு கை உள்ளவர் 715, பார்வையற்றவர் 10. ஃபோர்டு புரட்சிக்காரர் அல்லர். தொழிற்சங்கம் என்றாலே சீறியவர். இலாபக் கணக்கே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது! பார்வையற்றோருக்குப் பத்தே வேலை என்றது, எழுத்தைப் பேச்சாக்கும் கணினி வராத காலத்துக் கணக்கு.

அந்தக் கணக்கை நம் பட்டறையிலே போட்டுப் பார்ப்போம். அராவுவது, லீவர் பொருத்துவது, சாவி வெட்டுவது, மெருகேற்றுவது, கணக்கெழுதுவது: இவற்றுள் எத்தனைக்கு ஓடும் கால் வேண்டும்? எத்தனைக்குக் கேட்கும் செவி வேண்டும்? சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டு ஒன்று திண்டுக்கல்லில் உண்டு. செவி கேளாதவன் அதைச் செய்வானா என்று சிரிப்பார்கள். மணியின் அதிர்வு விரலுக்குத் தெரியாதா? மெல்லக் கற்பவனுக்கு, ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரித் துண்டை எதிரே வைத்து, வாரத்திற்கு ஒரு படியாகச் சொல்லித் தரலாம்.

சட்டம் இல்லாமலில்லை. பொதுவான தொழிற்பயிற்சிகளில் இவர்களையும் சேர்க்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அரசுப் பணியில் 4 விழுக்காடு உண்டு. தனியாருக்கோ ஊக்கச் சலுகை மட்டுமே. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடம் பழகுநரைச் சேர்த்தாக வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பெரிய நூற்பாலைகளை அது எட்டும். நாலைந்து பேர் குந்தியிருக்கும் பூட்டுப் பட்டறையை எட்டாது.

மூன்று மாதம் மூலையிலே உட்காரவைத்து, மாலை போட்டு, நிழற்படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பும் "பயிற்சி"யை இங்கே எவரும் கேட்கவில்லை. அடுத்தவனுக்குத் தரும் உதவித்தொகை இவனுக்கும் வேண்டும். அடுத்தவன் வாங்கும் திட்டும் வேண்டும். முறையாகப் பழக்கிய பின்னும் தொழில் படியவில்லையா? மற்றவனிடம் சொல்வதுபோல் இவனிடமும் நேராகச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வான். அதற்குமுன் வாயிற்படியிலே ஒரு சாய்தளம் போடுங்கள்; உட்கார ஒரு முக்காலி, கையிலே ஓர் அரம், கெடுப்பதற்கு நாலு தகடு கொடுங்கள்.