பாவமில்லாத வண்டியா?

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றபின், கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்பு எடுத்துவருகிறேன். சற்காரியவாதம் நடத்திக்கொண்டிருந்தபோது பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, சென்னை ஐ.சி.எஃப்.ல ஹைட்ரஜன் ரயில் பெட்டி செஞ்சிருக்காங்க. வெறும் தண்ணிதான் வெளிய வருதாம். அப்போ அது பாவமே இல்லாத வண்டிதானே?”

அவன் கேள்வி என்னை விடவில்லை.

இல்லாதது தோன்றாது, காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பதே சற்காரியவாதம். பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அந்த ரயிலை ஓட்டும் எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் முதற்காரணம். துணையாக நிற்கும் பிளாட்டினம் ஹைட்ரஜனைப் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கிறது. நடுவிலுள்ள மெல்லிய சவ்வு புரோட்டானை மட்டுமே விடும். எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றித்தான் மறுபக்கம் போயாக வேண்டும். போகிற வழியில் மோட்டாரை ஓட்டிவிட்டு, அங்கே புரோட்டானோடும் ஆக்சிஜனோடும் கூடித் தண்ணீராகிறது. ஒரு கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. டொயோட்டாவின் முதல் மிராய் காரில் 370 கலங்களை அடுக்கியிருந்தார்கள். இதே இரு வாயுக்களையும் கலந்து நெருப்பு வைத்தால் வெடிக்கும். அப்போதும் மிஞ்சுவது தண்ணீர்தான். ஆற்றல் இரண்டிடத்திலும் முன்பே உள்ளது. அதற்குப் பாதை வகுத்ததுதான் 1842-இல் வில்லியம் குரோவ் வாயு மின்கலத்தில் செய்து காட்டிய அருமை.

இதுவரை சாத்திரமும் வேதியியலும் கைகோத்து நடக்கின்றன. ஆனால் காரணம் கலத்தோடு நிற்பதில்லையே. அந்த ஹைட்ரஜன் எதிலிருந்து வந்தது? இன்று உலகில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான். 1 கிலோ ஹைட்ரஜன் வண்டியில் 9 கிலோ தண்ணீராகிறது. அதே 1 கிலோவை எரிவாயுவிலிருந்து எடுக்கும்போது ஆலையில் ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வண்டிக்குப் பின்னால் புகை தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று சொல்ல, காரணத்தை நம்புகிறவனுக்கு உரிமை கிடையாது. வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கலாம். போட்ட மின்சாரத்தில் பாதிகூடச் சக்கரத்துக்கு வந்து சேராது. இருந்தாலும் நான் அதையே ஆதரிப்பேன்.

பாவமா புண்ணியமா என்று வண்டியைக் கேட்பதே பொருந்தாது. அது சடம், சடத்துக்கு வினையில்லை. அறிந்து செய்கிறவனைத்தான் வினை பற்றும். இங்கே குயவன் நாம்தான். எனவே ஹைட்ரஜன் வண்டி எங்கே ஓடினாலும், அந்த ஹைட்ரஜனை எதிலிருந்து எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.