விருந்தாளியும் வீட்டுக்காரரும்

சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் எம்மவர்கள் இப்போது பாடசாலை விடுமுறைக்கு ஹமில்டன் தீவுக்குப் பறக்கிறார்கள். பறக்க முடிவதற்குக் காரணம் கீத் வில்லியம்ஸ். 1975 இல் மான் வளர்க்கவென்று அத்தீவைக் குத்தகைக்கு எடுத்தவர், பின்னர் எண்ணத்தை மாற்றி உல்லாச விடுதி கட்டினார். 1984 இல் ஜெட் விமானம் இறங்கும் ஓடுபாதையையும் திறந்தார். அயலில் ஹேமன் தீவில் ரெஜினால்ட் அன்செற் 1950 இலேயே ஹோட்டல் திறந்திருந்தார். ஆயினும் ஜெட் விமானத்தைத் தீவுக்கே கொண்டுவந்தது வில்லியம்ஸின் துணிச்சல்தான். 1989 இன் விமானிகள் தகராறு அதை உலுக்கிவிட்டது. 1992 இல் தீவு கடன் கொடுத்தோர் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. 2003 இல் பொப் ஓட்லி குடும்பம் வாங்கியது.

வில்லியம்ஸ் முன்னோடி என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல், முன்னால் எவரும் இருக்கவில்லை என்ற பொய்யையும் கூடவே கொண்டு வருகிறது. விற்சண்டே தீவுகள் ஙாரோ மக்களின் கடல். ஹூக் தீவின் நாரா குடாவில் அவர்களுடைய குகை ஓவியங்கள் இருக்கின்றன. அங்கு சுமார் 9000 ஆண்டுப் பழமையான வாழ்விடத் தடயங்களும் கிடைத்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் குடியேற்றமும் பொலிஸ் படையும் அவர்களை அத்தீவுகளிலிருந்து அகற்றின. வில்லியம்ஸ் எவரையும் விரட்டவில்லை. காலியாகக் கிடந்ததை எடுத்தவரிடம் என்ன குற்றம் என்று கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான்.

அதையே காங்கேசன்துறையில் நின்று கேட்டுப் பார்ப்போம். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்தபின் அந்த வலயத்துக்குள்ளேயே இராணுவம் தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்தியது. தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே கடலில் குளித்தன. காணிக்காரர் பலர் முகாம்களில் கிடந்தார்கள். குளித்தவர்களும் எவரையும் விரட்டவில்லை. ஆனாலும் எமக்கு வயிறு எரிந்தது.

விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. புதிதாய் வருபவரே விருந்தினர். வருபவரை வாருங்கள் என்று சொல்ல ஒரு வீட்டுக்காரர் வேண்டாமா? விடுதிக்காரர் அறையை விற்கலாம், அந்தச் சொல்லை விற்க அவரிடம் இல்லை.

இதைச் சொல்லி எவரையும் போகாதே என்று தடுக்க நாம் வரவில்லை. மெல்பேணில் நாம் வாங்கிக் கட்டிய வீடுகளும் குலின் மக்களின் நிலத்தில்தான் நிற்கின்றன. நாரா குடாவுக்குப் படகு போகிறது. நண்பர்கள் காட்டும் விடுமுறைப் படங்களில் நீச்சல் தடாகம் இருக்கிறது, அந்தி வானம் இருக்கிறது. குகையை இன்னும் காணவில்லை.