பழைய பூட்டோடு உறைந்த வீடு

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகம். தொழிலாளர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, முன்பணம் எல்லாம் இருக்கும் சம்பள ஃபைலை ஆலையில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றிருந்தது. மூன்று நாள் முன்புதான் அடைத்திருந்தார்கள். ஸ்டோர்ஸ் கணினியில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன், மறுத்தது. ஆலையின் சர்வர் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஓடுகிறது. ஃபோல்டர் பாதையின் கடைசியில் ‘புள்ளி இசட்எஃப்எஸ்’, அதற்குள் ‘ஸ்னாப்ஷாட்’ என்று சேர்த்துத் தட்டினேன். தேதிவாரியாக ஸ்னாப்ஷாட்கள் வரிசைகட்டி நின்றன. போன வாரத் தேதிக்குள் அதே ஃபைல் தங்குதடையின்றித் திறந்தது.

காரணம் இதுதான். ஸ்னாப்ஷாட் எடுப்பது ஃபைலை நகலெடுப்பது அல்ல. அந்த நொடியில் டிஸ்கில் இருந்ததைத் தொடாமல் விட்டு, பிறகு வரும் மாற்றங்களை இசட்எஃப்எஸ் வேறிடத்தில் எழுதுகிறது. யார் படிக்கலாம் என்ற அனுமதியும் ஃபைலோடு சேர்ந்தே உறைந்துவிடுகிறது. அதைத் திருத்த நிர்வாகியாலும் முடியாது. ஸ்னாப்ஷாட் படிக்க மட்டுமே.

2021-இல் விண்டோஸிலும் இதே கதை. பாஸ்வேர்டு விவரங்கள் இருக்கும் ஃபைலுக்கு அனுமதி தளர்ந்து கிடந்தது. ஓடும் கணினியில் அதைத் திறக்க முடியாது. ஆனால் ஷேடோ காப்பி எனும் விண்டோஸ் ஸ்னாப்ஷாட் வழியாகச் சாதாரணப் பயனரும் படிக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பழைய ஷேடோ காப்பிகளை நீங்களே அழியுங்கள் என்றும் சொன்னது.

பலர் ஸ்னாப்ஷாட் ஃபோல்டரை மறைத்து வைத்தால் போதும் என்று நம்புகிறார்கள். மறைத்தால் பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரிந்தவர் நேரே நுழைவார். நாகல்நகர் பூட்டுப் பட்டறைக்காரரிடம் கேட்டாலும், கதவை மாற்ற முடியாத வீட்டுக்குத் தெருவாசல் கேட்டில்தான் பூட்டு போடச் சொல்வார். இங்கேயும் அதுதான் வழி. சம்பளக் கோப்புகளுக்குத் தனி டேட்டாசெட், அதாவது தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய பகுதி, வேண்டும். அதை ஒரு மேல் ஃபோல்டருக்குள் வைத்து, சம்பளப் பிரிவுக்கு மட்டும் அந்த ஃபோல்டரில் நுழைய அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி உறைவதில்லை. உள்ளே இருக்கும் எல்லா ஸ்னாப்ஷாட்டுக்கும் அது இன்றைய காவல். ஆனால் டேட்டாசெட்டையே நேராக என்எஃப்எஸ் வழியாக நெட்வொர்க்கில் பகிர்ந்தால் இந்த வாசலைத் தாண்டிவிடலாம். எந்தக் கணினிக்குப் பகிர்கிறோம் என்பதையும் குறுக்க வேண்டும்.

அன்றே புது டேட்டாசெட்டுக்கு மாற்றினோம். பழைய இடத்தின் ஸ்னாப்ஷாட்கள்? ரான்சம்வேர் வந்தால் அவைதானே உயிர் என்று மேலாளர் தயங்கினார். நியாயமான தயக்கம். முதலில் புது இடத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்து, தனி டிஸ்கில் பேக்கப் வைத்து, ஒரு மாதச் சம்பளத்தை அதிலிருந்து மீட்டுக் காட்டினேன். பிறகுதான் பழையவற்றை ஒவ்வொன்றாக அழித்தோம். மறுபடி ஸ்டோர்ஸ் கணினிக்குப் போய் இரண்டு பாதைகளையும் தட்டினேன். பழையதில் ஸ்னாப்ஷாட்டே இல்லை. புதியதில் அனுமதி மறுக்கப்பட்டது.