எப்போதும் பயணத்தில் இருப்பவர் பயணியா?

இஸ்லாமியச் சட்டம் பயணிக்குச் சில சலுகைகளைத் தருகிறது. நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட ளுஹர், அஸர், இஷா தொழுகைகளை அவர் இரண்டிரண்டாகச் சுருக்கித் தொழலாம். இதற்குக் கஸ்ரு என்று பெயர். இரண்டு ரக்அத் ஃபஜ்ரும் மூன்று ரக்அத் மஃரிபும் சுருங்குவதில்லை. ரமலான் நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் நோற்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் அவர் மீது கடமையாகாது. ஊரில் இருப்பதே வழக்கம், பயணம் எப்போதாவது நேர்வது என்ற எண்ணத்தில் அமைந்தவை இவை. மாதத்தில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில் கழிக்கும் லாரி ஓட்டுநரிடம் வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. சலுகையே அன்றாடமாகிவிட்டால் அதைச் சலுகை என்று கொள்ள முடியுமா? கேள்வி புதியதன்று. லாரிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒட்டகக்காரர், கோவேறு கழுதையில் சரக்கு ஏற்றுபவர், கப்பலோட்டி ஆகியோரை வைத்து ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) அறிஞர்கள் இதை விவாதித்திருக்கிறார்கள்.

சுன்னி மத்ஹபுகளில் (சட்டப் பள்ளிகளில்) ஒன்றான ஹனஃபியைப் பின்பற்றும் கிருஷ்ணகிரி ஓட்டுநர் ஒருவர் நாமக்கல்லில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் செல்கிறார் என்று கொள்வோம். பாதை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தொலைவு சுமார் 1,300 கி.மீ. (மகாராஷ்டிரத்தில் இந்துக்களின் விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் முக்கிய உணவு. ரமலானில் இந்தச் சரக்கை ஏற்றிச் செல்பவர் தம் நோன்போடு பிறர் விரதத்துக்கான உணவையும் சுமக்கிறார்.) ஹனஃபி மத்ஹபில் பயணத் தொலைவு மூன்று நாள் நடை, நம் நாட்டு உலமாக்கள் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ. என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் 77 கி.மீ. ஓடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போகும் எண்ணத்தோடு ஊரின் கட்டடங்களைத் தாண்டினாலே அவர் பயணிதான். ஆகவே சரக்கு ஏற்ற நாமக்கல்லுக்குக் கிளம்பியவர் கிருஷ்ணகிரி எல்லையைக் கடந்து முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாலும் ளுஹர் இரண்டு ரக்அத்தான். ஹனஃபிகளுக்கு இது விருப்பமன்று, கட்டாயம். ஷாஃபி மத்ஹபினருக்கு அனுமதி, நீண்ட பயணமானால் சுருக்குவதே மேல்.

பயணிக்குச் சொந்த ஊருக்குள் நுழைந்ததும் பயணம் முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் மட்டும் தங்கினாலும் இதுதான் ஹனஃபி விதி. நம் ஓட்டுநர் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே வண்டியை விட்டால் பயணம் தொடர்கிறது. பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போய் ஒரு வேளைச் சோறு உண்டால், அப்போது வரும் தொழுகை முழு நான்கு ரக்அத். மறுபடி ஊரைத் தாண்டியதும் புதிய பயணம் தொடங்குகிறது. இங்கே சட்டம் வண்டியின் ஓட்டத்தைப் பார்க்கவில்லை, ஓட்டுநருக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் உள்ள உறவையே பார்க்கிறது.

சாலையில் பெரிய சிக்கல் நேரம்தான். தொழுகையைச் சுருக்குவதால் மிச்சமாவது ஐந்து நிமிடம். பாரம் ஏற்றிய லாரியை நிறுத்தும் இடத்தைத் தேடுவதே அதைவிட அதிக நேரம் எடுக்கும். ஷாஃபி, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகள் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழப் பயணியை அனுமதிக்கின்றன. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ பிறந்த ஷாஃபி ஓட்டுநருக்கு இந்த ஜம்உ பேருதவி. ஹனஃபிகள் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் இதை ஏற்பதில்லை. அவர்களுக்கு உள்ள வழி, ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுவது. அப்படிச் செய்தால் வண்டியை ஒரு முறை நிறுத்தினால் போதும். வடக்கே செல்லும் வண்டிக்குக் கிப்லா (தொழும் திசை) இடப்பக்கம், சற்று முன்சாய்ந்து இருக்கிறது. சாலையின் இடது ஓரத்தில் நிறுத்தி விரிப்பைப் போட்டால் சாலைக்கும் தொழுபவருக்கும் நடுவே லாரியே மறைப்பாக நிற்கும்.

சலுகைக்குக் காரணம் என்ன என்பதே இந்த விவாதத்தின் மையம். குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 101ஆம் வசனம் சுருக்கத்தை எதிரிகள் பற்றிய அச்சத்தோடு இணைத்துப் பேசுகிறது. அச்சம் நீங்கிய பிறகும் ஏன் சுருக்க வேண்டும் என்ற ஐயம் நபித்தோழர் உமருக்கே எழுந்ததாகவும், அது இறைவன் வழங்கிய கொடை, அதை ஏற்பதே முறை என்று நபி விளக்கியதாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவு உண்டு. இதையொட்டி உஸூல் (சட்டக் கோட்பாட்டு) அறிஞர்கள் ஒரு வேறுபாட்டை வகுத்தார்கள்: சிரமத்தைக் குறைப்பது சலுகையின் நோக்கம்; சலுகையைப் பிறப்பிக்கும் காரணம் பயணம் மட்டுமே. சிரமம் ஆளுக்கு ஆள் மாறுவது, அளக்க முடியாதது. பயணத்தை அளந்துவிடலாம். அதனால் பல்லக்கில் சொகுசாகப் போகும் அரசருக்கும் கஸ்ரு உண்டு. ஊரிலேயே நாளெல்லாம் மூட்டை தூக்கும் கூலியாளுக்கு இல்லை. பிந்தையது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் சிரமத்தை அளவுகோலாக்கினால் ஒவ்வொருவரும் தம் களைப்புக்குத் தாமே நீதிபதியாகிவிடுவார் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. புதிய லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஓட்டுநரின் கஸ்ரு உரிமை துளியும் குறையாது.

இதே தர்க்கத்தை ஹனஃபிகள் இறுதிவரை கொண்டுபோகிறார்கள். கடத்தல் சரக்கோடு போகிறவருக்கும் பயணச் சலுகை உண்டு என்பது அவர்கள் நிலை. பாவம் சரக்கில் இருக்கிறது, பயணத்தில் இல்லை. பாவத்துக்கான பயணத்துக்கு இறைவனின் கொடை கிடைக்காது என்பது ஷாஃபிகளின் வாதம். கேட்டதும் மனம் ஷாஃபிகள் பக்கம் சாயும். தர்க்கத்தின் சீர்மை ஹனஃபிகளிடம்தான் இருக்கிறது.

நாக்பூரில் சரக்கை இறக்கியதும் ரிட்டர்ன் லோடுக்கான காத்திருப்பு தொடங்குகிறது. இன்று கிடைக்கும், நாளை கிடைக்கும் என்று புக்கிங் ஆபீஸில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்கும் எண்ணம் இருந்தால்தான் ஹனஃபி ஊர்வாசியாகிறார். அந்த எண்ணமின்றி ‘இன்றோ நாளையோ’ என்று இருப்பவர் எத்தனை மாதமானாலும் பயணியே. அஸர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதம் தங்கிய நபித்தோழர் இப்னு உமர் சுருக்கியே தொழுதார் என்ற செய்தி இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஷாஃபிகள் இத்தகைய காத்திருப்புக்குப் பதினெட்டு நாள் என்று வரம்பு வைக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளிவாசலில் ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) சேர்ந்தால் மட்டும் இமாமைப் பின்பற்றி நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும்.

தொழிலே பயணமானவர் பற்றிய நேரடி விடையில் மரபுகள் பிரிகின்றன. ஷியாக்களின் ஜஃபரி சட்டத்தில் ஒட்டகக்காரரும் கப்பலோட்டியும் பயணத்தையே தொழிலாகக் கொண்டவர்கள்; அவர்கள் முழுமையாகத் தொழுது நோன்பும் நோற்க வேண்டும். இன்றைய லாரி ஓட்டுநரும் அந்த வரிசையில் சேர்கிறார். சுன்னிகளில் ஹன்பலிகள் ஒரு வகையினரை மட்டும் விலக்கினார்கள்: மனைவி மக்களோடும் அடுப்போடும் கப்பலிலேயே வாழ்பவர், கரையில் வீடில்லாதவர். அவருக்குக் கஸ்ரு இல்லை, ஏனெனில் அவர் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறார். திரும்பிச் செல்லக் கரையில் வீடுள்ள கப்பலோட்டிக்கும், சரக்கு ஏற்றுபவருக்கும், தபால் கொண்டு செல்பவருக்கும் சலுகை உண்டு என்று ஹன்பலி அறிஞர் இப்னு தைமிய்யா விளக்கினார். கேபினில் படுக்கையும் ஸ்டவ்வும் வைத்து அங்கேயே சமைத்து உறங்கும் ஓட்டுநரும் இதன்படி பயணிதான்; குடும்பமும் ரேஷன் அட்டையும் ஊரில் இருக்கின்றன. வீடு என்ற ஒன்று இல்லாதவரைப் பயணி என்று அழைக்க முடியாது என்பதே இந்தத் தீர்ப்பின் உட்பொருள். மரபுகள் தந்த விடைகளில் இதுவே கூர்மையானது. தூரத்தை மட்டும் எண்ணும் கணக்கால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

நோன்பில் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. சுருக்கிய தொழுகை அங்கேயே நிறைவேறிவிடுகிறது. விட்ட நோன்போ களாவாக, அதாவது பின்னர் நோற்க வேண்டிய கடனாக, தலைமேல் நிற்கிறது. ஆண்டு முழுதும் ஓடுபவர் அதை எப்போது நோற்பார்? 1355இல் மறைந்த ஷாஃபி அறிஞர் தகீயுத்தீன் சுப்கி, களாவுக்கு நாளே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத நிரந்தரப் பயணி நோன்பை விடக் கூடாது என்றார். அனுமதித்தால் கடமையே அற்றுப்போகும். பிற்கால ஷாஃபிகளில் ரம்லீ இதை ஏற்க, இப்னு ஹஜர் ஹைதமீ மறுத்தார். லாரித் தொழிலில் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வண்டி நிற்கும் நாட்களும் லோடு கிடைக்காத வாரங்களும் உண்டு. ஆகவே சுப்கி கருதிய, களாவுக்கு வாய்ப்பே அற்ற மனிதர் இங்கே அரிது.

வழியில் தவறிப்போன தொழுகைகளை வீடு திரும்பியதும் நிறைவேற்ற வேண்டும். சாலையில் விட்ட இஷாவை ஹனஃபி ஓட்டுநர் வீட்டிலும் இரண்டு ரக்அத்தாகவே தொழுவார். கடன் உண்டான இடத்தின் அளவே கடனின் அளவு. ஷாஃபி ஓட்டுநர் அதே இஷாவை வீட்டில் நான்காகத் தொழ வேண்டும், ஏனெனில் சுருக்கம் பயணத்தில் இருக்கும்வரைதான்.