இஞ்சிக்கு எத்தனை உயிர்?

முள்ளங்கி விதையை வீட்டுத் தொட்டியில் ஊன்றினால் ஒன்றரை மாதத்துக்குள் கிழங்கு திரண்டுவிடும். பறிக்காமல் விட்டால் தண்டு நீண்டு பூத்துக் காய்க்கும். பெரு நாட்டு மலைமேட்டில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் விளையும் மாக்கா என்ற கிழங்கும் முள்ளங்கியைப் போலவே கடுகுக் குடும்பம்தான். அதற்கு விதை வேண்டுமென்றால் சில கிழங்குகளை உண்ணாமல் வைத்திருந்து மீண்டும் நட வேண்டும். கத்தரியைப் பறித்தால் செடி நிற்கும்; கிழங்கைப் பறித்தால் செடியே போய்விடும். சமணர் கிழங்கை விலக்குவது இதனால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணமே. நெற்பயிரும் அறுவடையோடு முடிகிறது. சோற்றை எந்தச் சமணரும் விலக்கியதில்லை.

மறுபாதி உயிர்க்கணக்கு. தாவரங்கள் தொடுவுணர்வு மட்டுமே உள்ள ஓரறிவுயிர்கள் என்பது சமணக் கொள்கை. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் அந்த வரிசையில்தான் வைக்கிறது. ஓருடலில் ஓருயிர் இருந்தால் அது பிரத்தியேகம். எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பங்கிட்டு, மூச்சும் உணவும் பொதுவாகக் கொண்டால் அது சாதாரணம். உத்தராத்தியயன சூத்திரத்தின் 36ஆம் இயல் முள்ளங்கியையும் இஞ்சியையும் இந்த இரண்டாம் வகையில் பெயர் சொல்லிச் சேர்க்கிறது.

வெட்டிய துண்டு மீண்டும் முளைப்பது இவ்வகைக்குச் சொல்லப்படும் அடையாளங்களுள் ஒன்று. இஞ்சி இதற்கு மிகப் பொருத்தமான சாட்சி. அரிதாகப் பூத்தாலும் அது விதை பிடிப்பதில்லை. கேரளத்தில் கோடை மழையை ஒட்டி 20–25 கிராம் எடையுள்ள, மொட்டு விட்ட துண்டுகளை நடுகிறார்கள். ஒரு கிழங்கை நான்காக வெட்டினால் நான்கு செடி. அப்படியானால் வெட்டும் முன் அதில் இருந்தது ஓருயிரா, நான்கா? இதே புதிரைக் கண்ட அரிஸ்டாட்டில், செடியின் உயிர் நடப்பில் ஒன்று, ஆற்றலில் பல என்றார். சமணரின் விடை இன்னும் துணிச்சலானது: எண்ணிலடங்காதவை.

கொச்சியின் மட்டாஞ்சேரி குஜராத்தி ரோட்டில் 1904இல் எழுந்த தர்மநாதர் கோயிலைச் சார்ந்த சமணக் குடும்பங்களை இந்தக் கணக்கு நேராகத் தொடுகிறது. அந்த ஊர்க் கடைவீதியின் சரக்குகளில் சுக்கும் ஒன்று. கொச்சி என்ற ஊர்ப்பெயரோடே அது உலகச் சந்தைக்குப் போனது. பச்சை இஞ்சி சமண அடுப்படிக்கு ஆகாது, சுக்கு ஆகும். தோல் சீவி ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் காயப்போட்டால் நாலைந்து கிலோ இஞ்சி ஒரு கிலோ சுக்காகும். ஈரத்தோடு உயிரும் நீங்கி அது அசித்தப் (உயிரற்ற) பொருளாகிறது. அப்படியென்றால் உருளைக்கிழங்கு வற்றலும் ஆகுமே? ஆகாது என்கிறார்கள். சுக்கு மருந்து, சிட்டிகையளவில் சேர்வது. வற்றல் நாக்குக்காக அள்ளித் தின்பது. ஆக, உயிர்க்கணக்கோடு ஆசைக்கணக்கும் சேர்ந்தே விதியாகிறது. இரண்டாவதே வலுவான வாதமாகத் தோன்றுகிறது.

ஆனால் சுக்கு தானாகக் காய்ந்ததல்ல. எங்கோ ஓர் உழவர் தோண்டி எடுத்தார். மண்ணைத் தோண்டிப் பிழைப்பதோ இல்லறச் சமணர் தவிர்க்க வேண்டிய 15 தொழில்களில் ஒன்று. தோண்டியவரிடம் பாவத்தை விட்டுவிட்டு வணிகர் சரக்கை மட்டும் வாங்குகிறார் என்று குறை சொல்வது எளிது. சமண அறம் இதை முன்பே எண்ணியிருக்கிறது: தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் மூன்றும் வினையே. துறவிக்கு மூன்றும் முற்றாக விலக்கு. இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம், இயன்ற அளவு விலகல்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் திகம்பரப் பிரிவினர், பரம்பரையாக உழவர். ஏர் பிடித்தும் அவர்கள் சமணராக இருப்பதற்குத் திகம்பர மரபின் ஒரு பாகுபாடு இடம் தருகிறது. கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கற்ப இம்சை. பிழைப்புத் தொழிலில் தவிர்க்க முடியாமல் நேர்வது உத்தியோக இம்சை. முதலாவதை இல்லறத்தாரும் விட்டே ஆக வேண்டும், இரண்டாவதைக் குறைத்தால் போதும். வயலில் நெல் விளைப்பது இரண்டாவதில் அடங்கும். வீட்டுத் தொட்டியில் தின்பதற்கென்றே இஞ்சியை வெட்டி நட்டுப் பிடுங்குவதற்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்: அதில் பிழைப்பு இல்லை, பழியைப் பங்கிட இடையில் வேறு ஆளும் இல்லை.