எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் நாலு பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது தகப்பனின் உரிமை; கடமை என்றுகூடச் சொல்லலாம். கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இந்த ஒப்பீட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அந்தப் பக்கத்தில் நடந்துபோகும் தூரத்துக்குள் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி என்று மூன்றையும் பார்த்துவிடலாம். மூன்றும் சர்க்கார் பணத்தில் நடப்பவை. பாடப்புத்தகம் ஒன்று, மதியச் சோறு ஒன்று. இலாகாக்கள்தாம் வேறு வேறு.

இந்தப் பிரிவு வீம்புக்கு வந்ததல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ரேகை பதிய மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கள்ளர் சீரமைப்பு வேலை தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஒரு கையால் ரேகை உருட்டிய சர்க்கார், மறு கையால் சிலேட்டை நீட்டியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது, பள்ளிகள் நின்றன. சேரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வந்த கதை இன்னும் எளிது. பொதுப் பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

இன்று கதவு திறந்திருக்கிறது. எந்தப் பிள்ளையும் எந்தப் பள்ளியிலும் சேரலாம். "அங்கே வாத்தியார் சரியில்லைங்க" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் வாத்தியாரைப் பற்றித்தான் சொல்கிறாரா, பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறாரா? பல சமயங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாத்தியாரின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது!

ஒப்பிடுகிறவர்கள் கணக்கில் எடுக்காத இன்னொன்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர்கள்; அறுபத்தொன்று ஆனால் மூன்று பேர். அறுபத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் ஊரில் ஒரு தகப்பனார் தம் இரண்டு குழந்தைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டால், மிச்சமுள்ள அறுபது பேரின் உபாத்தியாயர் ஒருவரும் அந்த வேனிலேயே போன மாதிரிதான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அதில் ஒருவர் லீவு போட்டால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டாம். அவர் தம் பிள்ளைகளுக்கு நல்லது செய்தார் என்பது மெய். அந்த நல்லதின் விலையில் ஒரு பங்கை, கேட்காமலே அடுத்த வீட்டுப் பிள்ளை கொடுத்தது என்பதும் மெய்.

பல இலாகாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்போவதாக 2023 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். சாதிப் பெயர்களைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் சொன்னது. உசிலம்பட்டிப் பக்கம் எதிர்ப்பு எழுந்தது. ரத்தம் சிந்திப் பெற்ற பள்ளியின் பெயரை ஏன் அழிக்க வேண்டும் என்கிறார்கள். இதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும், பெருங்காமநல்லூரில் தியாகிகளுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையும் அந்தத் தூணாக நிற்க வேண்டுமா? "எந்தப் பள்ளிக்கூடம் படிக்கிறே?" என்று கேட்டால், தன் பெயரைச் சொல்லுமுன் அது சாதியைச் சொல்லிவிடுகிறதே!

ஒன்றாக்குகிறேன் என்று சொல்லிச் சின்னப் பள்ளிகளை மூடிவிடுவார்களோ என்ற அச்சமும் அந்த எதிர்ப்பில் கலந்திருக்கிறது. அது வீண் அச்சமல்ல. ஐந்து வகுப்புக்கு ஐந்து உபாத்தியாயர் என்று சர்க்கார் முதலில் எழுத்தில் கொடுக்கட்டும். பெயர்ப் பலகையைப் பற்றி அப்புறம் நானே அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசிப் பார்க்கிறேன்.